ஐப்பசி மழையில் அறையைப் பாருங்கள்: டெல்டா பள்ளிகளுக்குக் குறைந்த செலவில் கணினி அமைத்துத் தர ஒரு வழிகாட்டி

தன்னார்வலர்களில் பெரும்பாலோர் இந்த வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். நகரத்து அலுவலகம் ஒன்று பழைய கணினிகள் இருபதைக் கழித்துவிடப் போவதாகத் தகவல் வருகிறது. உடனே ஒரு குட்டியானை வண்டியை அமர்த்தி, அவற்றை ஏற்றிக்கொண்டு, தெரிந்த தலைமையாசிரியர் ஒருவரின் பள்ளியில் இறக்கிவிட்டு, மாலையுடன் ஒரு படமும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். நாங்களும் முதல் முறை அப்படித்தான் செய்தோம். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் பத்துக் கணினிகளைக் கொண்டுபோய் வைத்தோம். மறு ஆண்டு போய்ப் பார்த்தபோது அந்த அறையில் விலையில்லா நோட்டுப் புத்தகக் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. நான்கு கணினிகளின் உள்ளே எலி வைக்கோலைக் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தது. பூட்டுச் சாவியின் இருப்பிடம் தெரிந்த ஆசிரியரோ மாறுதலில் வேறு ஒன்றியத்துக்குப் போயிருந்தார். அதில் பள்ளியின் குற்றம் எதுவும் இல்லை. கணினியை முதலிலும் மற்றவற்றைப் பிறகும் யோசித்தது எங்கள் பிழை.

பெரிய அளவில் செய்தவர்களுக்கும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் அறிவித்த ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற திட்டம், நூறு டாலர் விலையில் ஒரு கணினியை வளரும் நாடுகளின் குழந்தைகள் கையில் சேர்ப்பதாகச் சொன்னது. 2007-இல் உற்பத்திக்கு வந்தபோது விலை ஏறத்தாழ இருநூறு டாலரைத் தொட்டது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்து அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கி 2012-இல் வெளியிட்ட ஆய்வு, கணினிகள் ஏராளமாகக் கிடைத்த பள்ளிகளில் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்று கண்டது. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. பொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த வேலையின் எளிய பகுதி. எனவே இந்தக் குறிப்புகள் பள்ளி, அறை, மின்சாரம், கணினி, மென்பொருள், ஆட்கள் என்ற வரிசையில் செல்கின்றன. கணினி வாங்கும் பேச்சு நடுவில்தான் வரும்.

பள்ளியும் அனுமதியும்

பள்ளியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அரசுப் பள்ளிகள் பலவற்றுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகமோ திறன் வகுப்பறையோ வந்துவிட்டது. அங்கே உங்கள் பழைய கணினிகளுக்குத் தேவை இருக்காது. இருப்பதைப் பழுது பார்த்துத் தருவதற்கு ஓர் ஆள்தான் தேவைப்படலாம், அதுவும் நல்ல தொண்டே. நான் பார்த்தவரை, இரண்டு மூன்று ஆசிரியர்களைக் கொண்டு நடக்கும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும்தான் விடுபட்டுப் போகின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்ற நான்கு மாவட்டங்களிலும் நூறாண்டைக் கடந்த உதவி பெறும் பள்ளிகள் ஆற்றங்கரை ஊர்களில் இன்றும் நடக்கின்றன.

அரசுப் பள்ளியானால் தலைமையாசிரியரிடமும், தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலரிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். உதவி பெறும் பள்ளியில் செயலரின் ஒப்புதல் வேண்டும். இரண்டிலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அவர்களுக்குத் தெரிந்து வந்த பொருளை ஊர் பாதுகாக்கும் என்பது என் அனுபவம். பணமாகவோ பொருளாகவோ பெரிய நன்கொடை என்றால், 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் அரசுப் பள்ளிக்குத் தரலாம். எந்த வழியில் தந்தாலும், ஒவ்வொரு பொருளும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும். பதிவேட்டில் ஏறாத பொருள் அடுத்த தலைமையாசிரியர் வரும்போது அநாதையாகிவிடும்.

குழந்தைகளுடன் பழகும்போது பள்ளி ஆசிரியர் ஒருவர் எப்போதும் அறையில் உடன் இருக்க வேண்டும். அவர் வராத நாளில் வகுப்பு நடத்தாதீர்கள். குழந்தைகளின் படங்களை முகநூலில் போடும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அறை

“ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை” என்று நம் ஊரில் சொல்வதுண்டு. அறையைத் தேர்ந்தெடுக்க அந்த இரண்டு மாதங்களைவிட நல்ல காலம் கிடையாது. சித்திரையில் போய்ப் பார்த்தால் எல்லா அறையும் நல்ல அறையாகத்தான் தெரியும். மழை இரண்டு நாள் விடாமல் பெய்த மூன்றாம் நாள் போங்கள். கூரை எங்கே ஒழுகுகிறது, சாரல் எந்த ஜன்னல் வழியாக எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது, சுவரில் ஓதம் தரையிலிருந்து எத்தனை அடி ஏறியிருக்கிறது என்பதையெல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் முதியவர் ஒருவரிடம், வெள்ளம் வந்த ஆண்டில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட ஒரு நாள் மறுபடியும் வரும் என்று வைத்துக்கொண்டே மேசையின் உயரத்தையும் பிளக் பாயிண்டின் உயரத்தையும் தீர்மானிக்க வேண்டும். தரையிலிருந்து மூன்றடிக்குக் கீழே எந்த மின் இணைப்பும் இருக்கக் கூடாது. கணினிப் பெட்டியைத் தரையில் வைக்கவே கூடாது.

டெல்டா முழுவதும் ஒரே தன்மையான நிலம் அன்று. வேதாரண்யம், கோடியக்காடு பக்கம் உப்பளக் காற்று அடிக்கும் ஊர்களில், பித்தளைத் தகட்டில் களிம்பு ஏறுவதுபோல் கணினியின் உள் இணைப்புகளில் பச்சை பூத்துவிடும். அங்கே காற்றாடி இல்லாத, வெளிக்காற்றை உள்ளே இழுக்காத சிறு கணினிகளே தாக்குப்பிடிக்கும். நீடாமங்கலம், வலங்கைமான் போன்ற உள்பகுதிகளில் தை, மாசி அறுவடைக் காலத்தில் இயந்திரம் கிளப்பும் வைக்கோல் தூசிதான் பகை. பள்ளி முடிந்ததும் பழைய வேட்டித் துணியால் மூடி வைத்தால் போதும். ஆனால் இயங்கும்போது துணியை எடுத்துவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். சம்பாப் பயிர் நிற்கும் நாட்களில் மாலை வகுப்பு நடத்தினால் வயலின் தத்துப்பூச்சிகள் திரை வெளிச்சத்தைத் தேடி அறைக்குள் புகுந்துவிடும். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்காமல் அந்த வகுப்பைத் தொடங்காதீர்கள்.

எலியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் எலிகள் கட்டடங்களைத் தேடி வருகின்றன. வயர்களை பி.வி.சி. குழாய்க்குள் விட்டுச் சுவரோடு இறுக்குங்கள். கதவின் அடியிடுக்கில் தகரப் பட்டை அடியுங்கள், காற்றுத் துளைகளுக்குக் கம்பி வலை வையுங்கள். ஓர் எலி ஒரு கேபிளைக் கடிப்பதால் வரும் செலவைவிட, அது எங்கே கடித்தது என்று தேடுவதில் போகும் நாட்கள் அதிகம். மதிய உணவு அந்த அறையில் சாப்பிடப்படக் கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

மேசைகளை மூன்று சுவர்களையும் ஒட்டி, திரைகள் அறையின் நடுவைப் பார்க்கும்படி போடுங்கள். நடுவில் நிற்கும் ஆசிரியர் ஒரு சுற்றுத் திரும்பினால் எல்லாத் திரையும் கண்ணில் படும். ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள் என்பது சரியான கணக்கு. மூன்றாவது பிள்ளை வேடிக்கை பார்க்கத்தான் செய்யும்.

மின்சாரம்

கணினிக்குச் செலவிடுவதற்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கூட்டிப்போய் எர்த்தை, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பை, சோதனை செய்யுங்கள். பழைய பள்ளிக் கட்டடங்களில் எர்த் குழி என்றோ காய்ந்துபோயிருக்கும், அல்லது கம்பி அறுந்திருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் குழந்தை கணினியின் உலோகப் பெட்டியைத் தொடும் என்பதை ஒரு கணமும் மறக்கக் கூடாது. எர்த் சரி செய்யப்பட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தப்படாத அறையில் கணினி வைப்பதற்கு நான் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. இதில் சில தலைமையாசிரியர்கள் என்னிடம் வருத்தப்பட்டதும் உண்டு.

அடுத்தது மின்னழுத்தம். சுற்றுவட்டாரத்தில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் 230 வோல்ட் என்பது பெயரளவில்தான் இருக்கும். மல்டிமீட்டரைக் கொண்டுபோய் காலை பத்து மணிக்கும், மதியம் மூன்று மணிக்கும், மேட்டூர் நீர் வருவதற்கு முன்னும் பின்னுமாகச் சில நாட்கள் அளந்து எழுதுங்கள். அளவு அடிக்கடி 190-க்குக் கீழே போகும் ஊரில் மேசைக் கணினியைவிட மடிக்கணினி நல்லது. மடிக்கணினியின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று பெரும்பாலானவற்றில் அச்சிட்டிருக்கும். ஸ்டெபிலைசர் வாங்கும் செலவும் மிஞ்சும்.

இன்வெர்ட்டர் வைப்பதானால் கணக்கை முதலில் தாளில் போடுங்கள். சிறிய மேசைக் கணினியும் எல்.இ.டி. திரையும் சேர்ந்து ஏறத்தாழ 60 வாட் இழுக்கும் என்று கொண்டால், எட்டுக் கணினிக்கு 480 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1800 வாட்-மணி இருப்பதாகப் பெயர்; ஆனால் பாதிக்கு மேல் வற்றவிட்டால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 900. இன்வெர்ட்டரில் ஆறில் ஒரு பங்கு போக மிச்சம் 750. ஆக, ஒன்றரை மணி நேரம், அதாவது இரண்டு பாடவேளை. அதே பேட்டரியில் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியைத் திரையோடு சேர்த்து 26 வாட் வீதம் எட்டு ஓட்டினால் மூன்றரை மணி நேரம் ஓடும். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டிய நாளைச் சுவரில் எழுதிவிடுங்கள். மின் கட்டணத்தைப் பற்றிப் பள்ளி கவலைப்பட்டால் அதற்கும் கணக்கு உண்டு: 480 வாட், நாளுக்கு இரண்டு மணி நேரம், மாதத்துக்கு இருபது நாள் என்றால் 19 யூனிட்டுக்குச் சற்று மேல்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபின் இந்தப் பகுதியின் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கி, கணினிகளை மேசை மேல் ஏற்றி, தார்ப்பாயால் போர்த்த வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி அறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். மின்சாரம் திரும்பி வரும் முதல் நாளில் எதையும் செருகக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

கணினி

இப்போது கணினிக்கு வரலாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த வேலையில் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். பழைய குழாய்த் திரை, 4 ஜிபிக்குக் குறைந்த நினைவகம் (ரேம்), உதிரிபாகம் கிடைக்காத அரிய மாடல் ஆகியவற்றை நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். மறுக்கக் கூச்சப்பட்டால் அந்தக் குப்பையைப் பள்ளியின் தலையில் கட்டியவர்கள் ஆவோம்.

இந்த நேரம் நமக்குச் சாதகமானது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. இன்டெலின் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையுமான செயலிகளில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே, நன்றாக ஓடக்கூடிய அலுவலகக் கணினிகள் பல வெளியே வருகின்றன. இவற்றில் சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தை 8 ஜிபியாக்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் பள்ளி வேலைக்கு இன்னும் பல ஆண்டுகள் போதும். எடுத்த ஹார்டு டிஸ்கைக் கொடையாளரிடமே திருப்பிக் கொடுப்பது நல்லது. அவர் வேண்டாம் என்றால் முழுவதும் மேலெழுதி அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் உறுதி செய்யுங்கள். வெறுமனே ‘டெலிட்’ செய்த வட்டிலிருந்து ஊழியர் விவரங்களை மீட்டுவிட முடியும்.

ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வெளிவந்தது. உள்ளங்கையளவுப் பலகையைக் கண்டதும் எல்லோருக்கும் ஆசை வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் திரை, விசைப்பலகை, மவுஸ், மின் அடாப்டர், நினைவட்டை என்று எல்லாவற்றையும் கூட்டினால் பழைய அலுவலகக் கணினியின் விலைக்கு அருகில் வந்துவிடும். மின்சாரம் சொல்லாமல் நின்றால் அதன் நினைவட்டை கெட்டுப்போவதும் உண்டு. உப்புக்காற்று ஊர், மின்சாரம் போதாத ஊர் ஆகிய இரண்டுக்கும் அதையே பரிந்துரைப்பேன். மற்ற இடங்களுக்கு அலுவலகக் கணினியே.

எதை வாங்கினாலும் எல்லாம் ஒரே மாடலாக இருக்கட்டும். ஆறு கணினி இயங்க வேண்டுமென்றால் ஏழு வாங்குங்கள். ஏழாவது பீரோவில் உதிரிபாகமாக இருக்கும். ஒன்றில் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி போனால் மறுநாளே மாற்றிவிடலாம், கும்பகோணத்துக்கு அலைய வேண்டாம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை பக்கத்திலிருந்து வேலைக்குப் போன இளைஞர்கள் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வரும்போது பழைய மடிக்கணினிகளைப் பெட்டியில் எடுத்துவருகிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் ஏழு கணினி ஏழு விதமாக இருந்தால் ஏழு விதமான சார்ஜர் தேட வேண்டும். அவர்கள் அந்தச் செலவைப் பணமாக அனுப்பினால் பள்ளிக்கு அதிகம் பயன்படும்.

மென்பொருள்

முதல் கணினியில் எல்லாவற்றையும் ஏற்றிச் சரிபார்த்துவிட்டு, குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருளால் அதை மற்றவற்றுக்கு அச்செடுத்ததுபோல் படியெடுங்கள். அந்தப் படியைப் பென் டிரைவில் ஏற்றிப் பள்ளி பீரோவிலும் ஒன்று வையுங்கள். நாளை ஏதாவது ஒரு கணினி குழம்பிப்போனால் அரைமணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற எளிய திரை முகப்புடன் லினக்ஸ் மின்ட் அல்லது டெபியன் என்ற லினக்ஸ் வகை, அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபிஸ், சிறு பிள்ளைகள் விளையாடிக் கற்க ஜிகாம்ப்ரி, வரைவதற்கு டக்ஸ் பெயின்ட் ஆகியவை போதும். எல்லாம் விலையற்றவை.

இணையம் இல்லை என்பதற்காக நிற்க வேண்டாம். ஒரு கணினியை மட்டும் மற்றவற்றுக்குத் தகவல் தரும் வழங்கியாக்கி (சர்வர்), கணினிகளைக் கம்பியால் இணைக்கும் எட்டுத் துளை நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றால் மற்றவற்றை இணைத்து, இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை அதில் ஏற்றிவிட்டால், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கம்பி வழியாகவே எல்லாத் திரைக்கும் வரும். பாடநூல் கழகத்தின் பாடப்புத்தகங்களையும் முன்கூட்டியே இறக்கி அதிலேயே வையுங்கள். பிறகு இணையம் வந்தாலும் இந்த ஏற்பாட்டைக் கலைக்காதீர்கள், ஏனெனில் மழைநாளில் அறுந்துபோவது முதலில் இணையக் கம்பிதான்.

தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுப்பதையே முதல் பாடமாக வைக்கலாம். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கின்றன. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கே தட்டுகள் போதும், புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழை வரவழைக்கும் முறையை நாங்களும் ஒரு பள்ளியில் முயன்று பார்த்தோம். ஆங்கில எழுத்துகளையே இன்னும் தடுமாறிப் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இரட்டைச் சுமையாகிவிட்டது. தமிழ்99-இல் அதே வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரையும் ஆற்றின் பெயரையும் முதல் வாரத்திலேயே எழுதினார்கள். விசைகளில் தமிழ் எழுத்து ஒட்டிகளை ஒட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டால், ஒட்டும்போதே இடம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

ஆட்கள்

பொது மாறுதல் கலந்தாய்வு நடந்தால் நீங்கள் பயிற்சி கொடுத்த ஆசிரியர் போய்விடுவார். ஆகவே பயிற்சியை ஒருவருக்குக் கொடுக்காமல் மூன்று வகையினருக்குக் கொடுங்கள்: இரண்டு ஆசிரியர்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர், அந்த ஊரிலேயே குடியிருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர். பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு ஊரில் இருக்கும் இளைஞர், அல்லது இல்லம் தேடிக் கல்வியில் மாலை வகுப்பு எடுத்துப் பழகிய பெண் ஒருவர் கிடைத்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அவருடைய நேரத்துக்கு ஒரு சிறு தொகையை மாதந்தோறும் கொடுங்கள். தொண்டு என்ற பெயரில் அவரிடம் மட்டும் இலவச உழைப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சாவி இரண்டு இருக்க வேண்டும். ஒன்று பள்ளியில், மற்றொன்று மேலாண்மைக் குழுத் தலைவரிடம்.

பயிற்சியில் மென்பொருளோடு பழுது பார்ப்பதையும் சேருங்கள். கணினி ஒவ்வொரு முறையும் தேதியை மறந்தால் தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் பொத்தான் பேட்டரியை மாற்ற வேண்டும். திரை வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டால் நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மறுபடி பொருத்த வேண்டும். மழைக்காலப் பள்ளிகளில் எங்களுக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டுதான். ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி இதை ஒரே முறை பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தானே செய்து முடித்ததாகத் தொலைபேசியில் சொன்னாள். நீண்ட விடுமுறையிலும் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் கணினிகளை ஓட்டிவைத்தால் உள்ளே ஈரம் தங்காது. அதற்கும் ஊர்க்காரர் ஒருவர் இருக்க வேண்டும்.

மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று முதலிலேயே ஒதுக்குங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, ஆண்டு திரும்பியபின் பருவத்துக்கு ஒருமுறை போய்வந்தால் போதும். ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எந்தக் கணினி இயங்குகிறது, எது நின்றது, எந்த வகுப்பு எத்தனை மணி நேரம் பயன்படுத்தியது என்று எழுதுங்கள். இரண்டு முறை தொடர்ந்து பயன்பாட்டு நேரம் குறைந்திருந்தால் கணினியைத் திறந்து பார்க்காதீர்கள், கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் கணினி வேளை கணக்கு வேளையாக மாறியிருக்கும்.

ஒருநாள் எல்லாக் கணினியும் ஓய்ந்துபோகும். அப்போது பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடக் கூடாது. அவற்றிலுள்ள ஈயமும் பிறவும் எரிக்கப்பட்டு நம் வாய்க்கால் தண்ணீரிலேயே வந்து சேரும். பள்ளியின் பதிவேட்டிலிருந்து முறைப்படி கழித்து எழுதச் செய்து, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிப் பள்ளிக் கோப்பில் வையுங்கள். அதற்கு முன் எஸ்.எஸ்.டி.க்களையும் நினைவகப் பட்டைகளையும் கழற்றி, தலைமையாசிரியரின் கையெழுத்தோடு ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பள்ளிக்கு வாங்க வேண்டிய பட்டியலில் அந்த அளவு குறையும்.